கையும் கல்வியும்: பழந் தளபாடம் பேணும் தொழிலின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் நாடிச் செல்வது இயல்பு. ஆனால் மக்கள் நாள்தோறும் இருந்த கதிரையும், உண்ட மேசையும், உடைமைகளை இட்டுப் பூட்டிய பெட்டகமும் வரலாற்றுச் சான்றுகளே என்பதைப் பலர் நினைப்பதில்லை. மன்னன் தன் வெற்றியைக் கல்லிற் பொறித்தான்; பெயரறியாத தச்சனோ தன் அறிவை மரத்திற் பொறித்து வைத்தான்.

நம்மவர் நாவில் வழங்கும் சொற்களே இதற்குச் சாட்சி பகரும். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்னும் சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை. லாச்சி என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். பொருள் வந்த வழியே பெயரும் வந்தது. பாயிலும் பலகையிலும் திண்ணையிலும் இருந்து பழகிய மக்களின் வாழ்வில் ஒரு புதுப்பழக்கம் புகுந்த கதையை இச்சில சொற்கள் சொல்லிவிடுகின்றன. ஆயினும் சொல் நாவில் நிலைத்துவிடும். பொருளோ கறையானுக்கும் ஈரத்திற்கும் மாந்தரின் அசட்டைக்கும் இரையாகிவிடும். அவ்வாறு அழியாமல் அதனைக் காப்பவர் யார்? அவர் அத்தொழிலை எங்ஙனம் கற்றார்? இவ்வினாக்களுக்கு விடையாக, மேனாடுகளிலே பழந் தளபாடம் பேணும் தொழிலும் அதற்குரிய பயிற்சியும் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம். அவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மை இழையோடி நிற்கின்றது. கைத்திறனும் கல்வியறிவும் ஒருவரிடத்தே கூடிய காலத்திற் பழம்பொருள் பிழைத்தது. அவை இரண்டும் வெவ்வேறு மனிதரிடம் பிரிந்து நின்ற காலத்திற் பழம்பொருள் கெட்டது.

ஆசானிடம் தங்கிக் கற்ற காலம்

பழைய ஐரோப்பாவிலே தச்சுத் தொழில் கற்க விரும்பும் சிறுவன் ஓர் ஆசானின் இல்லத்திலே தங்கி, அவருக்கு ஏவல் செய்து, கண்டும் கேட்டும் செய்தும் பழகினான். இது நம் நாட்டுக் குருகுல முறையை ஒத்ததே. இங்கிலாந்திலே 1563 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்று, ஏழாண்டு பயிலாத எவனும் இத்தகைய தொழிலைத் தானாக நடத்தலாகாது என விதித்தது. ஏழாண்டு என்பது இன்றைய பல்கலைக்கழகப் படிப்பிலும் நீண்டதன்றோ! முதலாண்டுகளிற் கூட்டிப் பெருக்குதல், வச்சிரம் காய்ச்சுதல், உளி தீட்டுதல். பின்னர் அரிதல், சீவுதல், துளையிடல். இறுதியிலே பூட்டுதல், செதுக்குதல், மெருகிடல் என்று படிப்படியாக அறிவு ஏறிற்று.

பிரான்சின் தலைநகராகிய பாரிசிலே இம்முறை இன்னும் கண்டிப்பாக இருந்தது. அங்கே முழுமரத்திற் கதிரையும் கட்டிலும் செய்வோர் ஒரு வகையினர். விலையுயர்ந்த மரங்களை மெல்லிய தகடுகளாக அரிந்து வேறு மரத்தின்மேல் ஒட்டி ஓவியம் போலப் பதிப்போர் மற்றொரு வகையினர். பின்னையோர் கருங்காலியிலே வேலை செய்து புகழ் பெற்றமையால், அம்மரத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டனர். 1743 இல் இயற்றப்பெற்று 1751 இற் பதியப்பெற்ற விதியின்படி, தேர்ச்சி பெற்ற ஆசான் தான் செய்த பொருளிலே தன் பெயர் முத்திரையைப் பொறித்தல் வேண்டும். சங்கத்தின் அதிகாரிகள் வேலையைச் சோதித்து, தகுதி கண்டால் மாத்திரம் தம் முத்திரையையும் இடுவர். இன்று அரும்பொருட்சாலைகளிலுள்ள பிரெஞ்சுத் தளபாடங்களை இன்னார் செய்தது என்று துணிந்து கூற இயல்வது பெரிதும் அம்முத்திரைகளின் உதவியாலேயே.

அக்காலத்தில் ஒன்றைச் செய்தவரும் செப்பனிட்டவரும் ஒரே மரபினர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே, அரசன் பதினான்காம் லூயியின் ஆதரவில் வாழ்ந்த ஆந்திரே ஷார்ல் பூல் என்பவர், ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றோடொன்று பொருந்த வெட்டிப் பதிக்கும் வேலையிலே இணையற்று விளங்கினார். அவர் 1732 இல் மறைந்த பின்னர், அவர் மகனிடம் பயின்ற எத்தியேன் லெவாசர் என்னும் ஆசான் அவர்தம் பொருள்களைச் செப்பனிடுவதிலே பெயர்பெற்றார். கை கையிடம் கற்றபடியால், செப்பனிட்டவனுக்குச் செய்தவனின் உள்ளம் தெரிந்திருந்தது. இங்கிலாந்திலும் இதுவே வழக்கு. 1718 இலே தச்சர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, 1754 இலே தளபாட வடிவங்களைக் கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டுப் புகழெய்திய தோமஸ் சிப்பென்டேலின் தொழிற்சாலை, புதியன செய்ததோடு அமையாது, பிரபுக்களின் வீடுகளிலிருந்த பொருள்களைத் துடைத்தும் திருத்தியும் கொடுத்தது.

கைத்திறனும் கல்வியும் ஒருவரிடத்தே கூடியமைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாக ஆந்திரே ரூபோ என்னும் பிரெஞ்சுத் தச்சரைக் கூறலாம். 1739 இலே எளிய தச்சர் குடியிற் பிறந்த இவர், பகலிலே பட்டறையில் உழைத்தார். எஞ்சிய நேரத்திலே கணிதமும் வரைபடமும் கற்றார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞராகிய புளொந்தெல் என்பவர் இவர் ஆர்வத்தைக் கண்டு கட்டணமின்றிக் கற்பித்தார். அதன் பயனாக, 1769 முதல் தச்சுக் கலையைப் பற்றி ரூபோ எழுதிய பெருநூல் பாரிசின் அறிவியற் கழகத்தாரால் வெளியிடப்பெற்றது. முந்நூற்றுக்கு மேற்பட்ட படங்களைக் கொண்ட அந்நூலைப் பழந் தளபாடம் பேணுவோர் இன்றும் விரித்து வைத்துக் கற்கின்றனர். ஏட்டிலே எழுதா மறையாக இருந்த தொழிலை ஏட்டிலேற்றி வைத்தவர் ஒரு தொழிலாளியே என்பதை நம் இளைஞர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கையும் கல்வியும் பிரிந்த காலம்

1791 இலே பிரெஞ்சுப் புரட்சி அரசு தொழிற் சங்கங்களைக் கலைத்தது. 1814 இலே இங்கிலாந்தின் ஏழாண்டுப் பயிற்சி விதியும் நீக்கப்பட்டது. எவரும் எத்தொழிலும் செய்யலாம் என்னும் உரிமை பிறந்தது நன்றே. ஆயினும் அவ்வுரிமையோடு ஒரு கேடும் உடன்பிறந்தது. நீராவி வாள்கள் மரத்தை அரியத் தொடங்கின. பொறி விரைந்து செய்ததைக் கை பொறுமையாகச் செய்ய எவரும் கூலி கொடுத்திலர். அதே காலத்திலே பழம்பொருள் சேர்க்கும் ஆசை செல்வரிடையே பரவிற்று. பழையதை விரும்புவோர் பெருகினர். பழையதை அறிந்தோர் அருகினர்.

ஆராய்ச்சி மிக்கோரும் இக்காலத்தில் எவ்வாறு ஏமாந்தனர் என்பதற்கு நம் இனத்தாருக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளரும் பழம்பொருட் பிரியருமான ஹொரேஸ் வால்போல், செறிந்த செதுக்கு வேலையும் கடைந்த கால்களும் உடைய கருங்காலிக் கதிரைகளைக் கண்டு பெருமகிழ்ச்சி கொண்டார். 1530 இல் மறைந்த கர்தினால் வுல்சி முன்னர் வாழ்ந்த இடத்திலே அத்தகைய கதிரைகள் இருந்தமையால், அவை ஆங்கில நாட்டின் தியூடர் மன்னர் காலத்தவை என்று முடிவு கட்டினார். தம் இல்லத்திலும் அவற்றை வாங்கி வைத்தார். அவரைப் பின்பற்றிப் பல செல்வர் தத்தம் மாளிகைகளில் அவற்றையே வைத்துத் தம் முன்னோரின் பெருமையைப் பேசினர். உண்மையோ வேறு. அக்கதிரைகள் பதினேழாம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரையில் நம் நாட்டவர் கைகளாற் செதுக்கப்பட்டு, ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறிச் சென்றவை! மரம் எந்நாட்டது, செதுக்கிய முறை எம்மரபினது என்று கேளாது, நூலறிவையும் ஊகத்தையும் மாத்திரம் நம்பியதால், நம்மவர் கைவண்ணம் நூறாண்டுக்கு மேலாக வேறொருவர் பெயரில் வாழ்ந்தது.

இஃது அறியாமையால் நேர்ந்த பிழை. அறிந்தே செய்த வஞ்சனைகளும் பல. உடைந்த பழம் பலகைகளைச் சேர்த்துப் புதிதாக ஓர் அலுமாரி செய்து, புழுத் துளைகளையும் அழுக்கையும் காட்டி, இருநூறாண்டுப் பழமை என விற்கும் தொழில் செழித்தது. இதனை அம்பலப்படுத்தி ஹேர்பேட் செசின்ஸ்கி என்னும் ஆங்கில அறிஞர் 1931 இல் ஒரு நூலே எழுதினார். பின்னும் வஞ்சனை ஓய்ந்ததில்லை. அமெரிக்காவிலே ஆர்மண்ட் லமொன்ராங் என்னும் சிற்பி, தேர்ந்தோரையும் ஏமாற்றிக் காட்டுவேன் எனத் துணிந்து, 1969 இலே பதினேழாம் நூற்றாண்டுப் பெருங்கதிரையொன்றின் சாயலில் ஒரு கதிரை செய்தார். அது பல கை மாறி, புகழ்பெற்ற ஹென்றி போர்ட் நூதனசாலையை அடைந்தது. அங்குள்ளோர் அதை உண்மைப் பழம்பொருள் எனவே நம்பி வாங்கினர். 1977 இல் உண்மை வெளிப்பட்டது. எவ்வாறெனின், கழிகள் செருகிய துளைகளை அவர் வேண்டுமென்றே இக்காலத் துளைகருவியால் இட்டிருந்தார். பழைய துளைகருவி விட்டுச் செல்லும் அடிவடிவம் வேறு. புதிய கருவியினது வேறு. கதிர்ப்படம் அவ்வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்தது. நூலோர் கண்டறியாததை ஒரு துளையின் அடி சொல்லிற்று. அந்நூதனசாலையார் அக்கதிரையை எறிந்துவிடாது கற்போருக்குப் பாடமாக வைத்துக்கொண்டமை அவர்தம் பெருந்தன்மையாகும்.

கல்வி மாத்திரம் உள்ளவன் ஏமாறுகின்றான்; கை மாத்திரம் உள்ளவனோ அழிக்கின்றான். நல்லெண்ணத்தோடு வந்த தச்சர் பலர் பழம் மேசைகளின் மேற்பரப்பைச் சீவித் தள்ளினர். காரநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி வர்ணத்தோடு வச்சிரத்தையும் கரைத்துவிட்டனர். பதிப்புத் தகடு எழும்பிய இடத்திலெல்லாம் ஆணி அறைந்தனர். பொருள் புதிதாக மின்னிற்று. ஆனால் அதன் வரலாறு சீவற் சுருளோடு குப்பைக்குப் போயிற்று. சீவிய மரம் மீண்டும் வளராது என்பதை நினைக்க.

மரத்தின் இயல்பு

இங்கே மரத்தின் தன்மையைச் சிறிது விளக்குதல் பொருந்தும். மரம் வெட்டுண்டு பல நூற்றாண்டு கழிந்தும், காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரிவதையும், வறட்சியிற் சுருங்குவதையும் அது விடுவதில்லை. இழை ஓடும் நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டிலே மிகுதி. இதனை அறிந்த பழந் தச்சர் அகன்ற பலகையைச் சட்டத்தின் காடியிலே வச்சிரமிடாது செருகி, அது தாராளமாக அசைய இடம் விட்டனர். பின்வந்த ஒருவர், பலகை ஆடுகிறதே என்று அதை ஒட்டிவிட்டால், அடுத்த வறட்சியில் அது நடுவே வெடிக்கும். உறுதி செய்வதாக எண்ணி உடைப்பது இதுவே.

பூலின் வேலைப்பாட்டிலும் இதே தொல்லை. அடியிலுள்ள மரம் விரிந்து சுருங்கும். மேலுள்ள பித்தளையோ ஈரத்திற்கு அசையாது. ஆகவே நாளடைவில் தகடு எழும்பிக் கிளம்பும். அதற்கு ஆணி மருந்தன்று. பழைய வச்சிரத்தை இளஞ்சூட்டாலும் ஈரத்தாலும் இளக்கி, அழுக்ககற்றி, மீண்டும் வச்சிரமிட்டுப் பாரம் வைத்து ஆறவிடுதலே முறை. விலங்கின் தோலிலிருந்து காய்ச்சப்படும் வச்சிரத்தின் பெருங்குணம் இதுதான்: இறுகப் பிடிக்கும், வேண்டும்போது விட்டும் கொடுக்கும். இக்காலச் செயற்கைப் பசைகள் பல பிடித்தால் விடா. நூறாண்டு கழித்து இன்னொருவர் அதைக் கழற்ற நேர்ந்தால், பசை விடுமுன் மரம் பிளக்கும்.

மெருகும் அவ்வாறே. பாரத நாட்டில் அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் அரக்கை மதுசாரத்திற் கரைத்துத் துணிப்பொதியால் நூறுமுறை தேய்த்து ஏற்றும் மெருகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஐரோப்பாவிற் பரவிற்று. அதன் பளபளப்பில் மயங்கியோர் அதற்கு முந்திய காலத்துப் பொருள்களின் பழைய மெழுகையும் எண்ணெய்ப் பூச்சையும் சுரண்டிவிட்டு இதனைப் பூசினர். கைபட்டும் ஒளிபட்டும் இரு தலைமுறையாய்ச் சேர்ந்த நிறம் ஒரு நாளில் ஒழிந்தது. கெடுதல் செய்வது பெரும்பாலும் பகையன்று, பற்றே என்பதற்கு இது சான்று.

ஆய்வுகூடம் பிறந்தது

இப்பிரிவைப் போக்கும் வழி, எதிர்பாராத வண்ணம், போரினாலே பிறந்தது. முதலாம் உலகப் போரிலே வான்குண்டுக்கு அஞ்சி, பிரித்தானிய நூதனசாலையின் அரும்பொருள்கள் இலண்டனின் நிலத்தடிச் சுரங்கத்தில் வைக்கப்பட்டன. போர் முடிந்து வெளியே எடுத்தபோது ஈரத்தால் இரும்பு துருவேறியும் வெண்கலம் புள்ளியிட்டும் கிடந்தன. காரணம் அறிய 1919 இலே அலெக்சாந்தர் ஸ்கொட் என்னும் இரசாயன அறிஞர் அழைக்கப்பட்டார். அவ்வாறு எழுந்த ஆய்வுகூடத்திலே 1924 இற் சேர்ந்த ஹரல்ட் பிளெண்டர்லீத், 1956 இலே தொல்பொருள் பேணும் முறைபற்றி எழுதிய நூல் பலநாட்டவர்க்கும் கைந்நூலாயிற்று. 1959 இலே ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டுக் கழகத்தின் முயற்சியால் உரோமாபுரியில் நிறுவப்பெற்ற பயிற்சி நிலையத்திற்கு அவரே முதற் பணிப்பாளரானார்.

இத்துறையில் நம் தமிழகமும் பிற்பட்டு நின்றதில்லை. 1930 இலே சென்னை அரசாங்க நூதனசாலையிற் பேணல் ஆய்வுகூடம் தொடங்கப்பெற்று, எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர் அதனை நடத்தினார். நம் வெண்கலப் படிமங்களும் சுவரோவியங்களும் அறிவியல் முறையில் ஆராயப்பெற்றது அவர் காலத்திலேயே.

இரண்டாம் உலகப் போர் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. 1941 இலே இலண்டன் தேசிய ஓவியக் காட்சிசாலையின் படங்கள், பல மரப்பலகைகளில் வரையப்பெற்றவை, வேல்சு நாட்டிலுள்ள மனோட் என்னும் கற்சுரங்கத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கே வெப்பம் 63 பாகை பரனைற்றிலும், ஈரப்பதன் 42 நூற்றுவீதத்திலும் ஒரே சீராக வைக்கப்பட்டன. இலண்டனில் ஆண்டுதோறும் வெடித்தும் கொப்புளித்தும் தொல்லை தந்த படங்கள் சுரங்கத்தில் அமைதியாகக் கிடந்தன. செப்பனிடுவோர்க்கு வேலையே இல்லாது போயிற்று. மரத்தைக் கெடுப்பது முதுமையன்று, மாறிமாறி வரும் ஈரமும் வறட்சியுமே என்பது ஐயமற விளங்கிற்று. உடைந்தபின் ஒட்டுவதிலும் உடையாமற் காப்பதே மேல் என்னும் கொள்கை அன்றுமுதல் வலுத்தது.

1964 இலே வெனிஸ் நகரிற் கூடிய அறிஞர் பழங் கட்டடங்களுக்காக வகுத்த பட்டயம், ஊகம் தொடங்கும் இடத்திலே புதுக்கும் வேலை நிற்றல் வேண்டும் என்று வரையறுத்தது. தளபாடம் பேணுவோரும் இக்கருத்தைத் தம் நெறியாக ஏற்றனர்.

புதிய குருகுலங்கள்

கொள்கை வகுத்தாயிற்று, அதனைக் கையில் ஏற்றும் பள்ளி வேண்டுமே! பாரிசிலே 1886 இல் நிறுவப்பெற்று, முற்கூறிய பூலின் பெயரைத் தாங்கிய கல்லூரி, தளபாடக் கலையை முறையாகக் கற்பித்து வந்தது. பிரான்சிலே ஊர் ஊராய்ச் சென்று ஆசான் பலரிடம் தங்கிக் கற்று, முடிவில் ஒரு தேர்ச்சிப் பொருளைச் செய்து காட்டும் தோழமைச் சங்கங்களின் முறையும் அழிந்துவிடவில்லை. 2010 இலே அம்முறை உலகப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது.

இங்கிலாந்திலே எட்வேட் ஜேம்ஸ் என்னும் செல்வர், கலைகளிற் பேரன்பு பூண்டவர், மேற்குச் சசெக்சிலிருந்த தம் மாளிகையையும் நிலங்களையும் 1964 இலே கல்விக்கென அறநிதியாக்கினார். அங்கே 1971 இலே வெஸ்ட் டீன் கல்லூரி திறக்கப்பெற்றது. பழந் தளபாடம், மணிப்பொறி, நூற்கட்டு முதலியவற்றைப் பேணும் கலைகள் அங்கே பயிற்றப்பெற்றன. இத்தகைய பள்ளியிலே மாணவன் உளி தீட்டுதலும் மூட்டுப் பொருத்துதலும் கற்கின்றான். அத்துடன் மரத்தின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியிற் பார்த்து இன்ன மரம் எனத் துணியவும், மெருகின் படைகளை ஆராயவும், கலை வரலாற்றைப் படிக்கவும் பழகுகின்றான். ஒரு பொருளைத் தொடுமுன் அதனைப் படமெடுத்து, அதன் நிலையை எழுதி வைத்து, தான் செய்யப் போவது யாது, ஏன் என்று காரணம் காட்டுதல் வேண்டும். செய்தபின் செய்ததையும் எழுதிவைத்தல் வேண்டும். மருத்துவன் நோயாளிக்கு எழுதும் குறிப்பைப் போன்றதே இது. பல வேளைகளில், செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று கண்டு கையை மடக்கி நிற்பதே தேர்ந்தவனின் திறம்.

இப்பயிற்சியின் பயன் ஒரு தீவிபத்தின்போது விளங்கிற்று. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் அன்னையார் வீட்டு மேற்பார்வையாளராகப் பணிபுரிந்த அப்பார்க் என்னும் பெருமாளிகை, 1989 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆந் தேதி தீப்பற்றிற்று. கூரையின் ஈயத் தகட்டைச் செப்பனிட்டோரின் சுடர்க்கருவியே அதற்குக் காரணம். காப்பதற்குச் செய்த வேலையே எரித்துவிட்டது! எனினும், அங்கிருந்தோர் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றிக் கீழ்மாடத் தளபாடங்களிற் பெரும்பாலானவற்றை வெளியே சேர்த்தனர். சாம்பற் குவியலை வாரி எறியாது, எந்த அறையின் எப்பகுதியிற் கிடைத்தது எனக் குறித்துத் தொட்டிகளிற் சேர்த்துச் சல்லடையிட்டு, சிறு செதுக்குத் துண்டுகளையும் மீட்டனர். தீப்பற்றுவதற்கு முந்திய நாளில் இருந்தவாறே மாளிகையை ஆக்குதல் என்பது குறிக்கோள். அதற்காக வழக்கொழிந்த சுண்ணச் சுதை வேலையையும் மரச் செதுக்கையும் கைவினைஞர் மீண்டும் கற்றனர். 1995 இலே மாளிகை திறக்கப்பெற்றது.

அதற்கு முன்னர் 1986 இலே ஹம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் தீ மூண்டது. பதினேழாம் நூற்றாண்டின் பெருஞ் செதுக்குக் கலைஞராகிய கிரின்லிங் கிபன்சின் ஏழடி நீளத் தொங்கற் செதுக்கொன்று எரிந்தழிந்தது. அதனை மீண்டும் செய்தளித்தவர் டேவிட் எஸ்டர்லி என்னும் அமெரிக்கர். அவர் கேம்பிரிஜ்ஜிலே இலக்கியம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். கிபன்சின் செதுக்கொன்றைக் கண்ட நாளிலிருந்து மனம் பறிகொடுத்து, தாமாகவே உளி பிடிக்கக் கற்றவர். ரூபோ பட்டறையிலிருந்து ஏட்டிற்கு வந்தார். எஸ்டர்லி ஏட்டிலிருந்து பட்டறைக்குச் சென்றார். இருவரும் சந்தித்த இடம் ஒன்றே.

ஆயினும் இக்கலைக்கு ஆபத்து நீங்கிற்று என்று கொள்ளலாகாது. 2017 இலே பிரித்தானியக் கைத்தொழிற் சங்கத்தார் அழியும் நிலையிலுள்ள தொழில்களின் பட்டியலொன்றை முதன்முறையாக வெளியிட்டனர். ஆசானுக்கு வயதேறுகின்றது, மாணவன் வருவதில்லை. செல்வம் மிக்க நாட்டிலும் நிலைமை இதுவே.

நம் கடன்

இனி நம் நாட்டிற்கு வருவாம். ஒல்லாந்தர் காலத்துத் தளபாடங்கள் கருங்காலியிலும் பலாவிலும் முதிரையிலும் இத்தீவின் தச்சர் கைகளால் ஆக்கப்பட்டவை. அவற்றை வரலாற்றுக் கண்கொண்டு முதலில் ஆராய்ந்தவர்களுள் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த ஜோசப் பியர்சன் ஒருவர். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிருந்த ஐரோப்பியக் கதிரைகளைப் பற்றி 1929 இலே அவர் எழுதிய கட்டுரை இன்றும் மதிக்கப்படுகின்றது. 1982 இலே கொழும்புப் புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலை திறக்கப்பெற்றது.

ஆனால் அரும்பொருட்சாலைக்குள் புகாத செல்வம் நம் இல்லங்களிலே கிடந்தது. சில்லுப் பூட்டிய பெட்டகங்களும், பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரைகளும், செதுக்குக் கதவுகளும் தலைமுறை தலைமுறையாய் இருந்தன. போர் அவற்றில் எத்தனையை விழுங்கிற்று என்று எவர் கணக்கெடுத்தார்? 1995 ஆம் ஆண்டுப் பேரிடப்பெயர்வின்போது, குழந்தையை இடுப்பிலும் முதியோரைத் துவிச்சக்கர வண்டியிலும் ஏற்றிச் சென்றோரால் பெட்டகத்தைத் தோளிற் சுமக்க இயலுமா? மிஞ்சியவையேனும் நம் கைகளிற் கெடாதிருத்தல் வேண்டும். இன்று அவற்றிற்குப் பகை குண்டன்று. வீடு புதுப்பிக்கும்போது வேண்டாப் பொருளென மலிவாக விற்றுவிடும் அவசரமும், மின்ன வேண்டுமென்று சுரண்டிப் பூசும் ஆசையுமே.

ஆலயங்களில் வழிபாட்டிலுள்ள மர வாகனங்களின் நிலை வேறு. அவை காட்சிப் பொருள்களல்ல. சீர்ணோத்தாரணம் செய்து புதுக்குதல் ஆகம நெறி. ஆயினும் புதுக்குமுன் பழைய வாகனத்தைப் படமெடுத்து, அளவெடுத்து, செய்த ஆசாரியாரின் பெயரை எழுதி வைத்தால் எந்நெறிக்கும் முரண் உண்டாகாது. பழைய முகமும் தலையும் கழிக்கப்படுமாயின், அவற்றை விறகாக்காது ஓரிடத்திற் பேணுதலும் இயலும்.

இளைஞர்களே! உங்கள் வீட்டிலுள்ள பழைய பெட்டகத்தை இன்றே சென்று பாருங்கள். அதனை ஈரச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்; நேர்வெயில் படாது மறையுங்கள்; காலின் அடியிலே கறையான் மண் உண்டோவெனத் திங்கள்தோறும் நோக்குங்கள். உடைந்து விழுந்த துண்டை எறியாது துணியிற் பொதிந்து உள்ளேயே வையுங்கள். சீவாதீர், காரநீர் ஊற்றாதீர், கடையிற் கிடைத்த பசையைப் பூசாதீர். யார் செய்தது, எம்மரம், எவர் திருமணத்திற்கு வந்தது என்று பாட்டனாரையும் பாட்டியாரையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி லாச்சியிலே இட்டு வையுங்கள். இவற்றிற்குப் பணம் வேண்டியதில்லை.

பெரியோர்களே! உங்கள் ஊரில் உளி பிடிக்கும் முதிய ஓடாவியார் ஒருவரேனும் இன்னும் இருப்பின், அவரிடம் ஓர் இளைஞனை அனுப்புங்கள். தொழில்நுட்பக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பயில்வோரும் விடுமுறைகளில் அவர் பட்டறையிற் சென்றிருக்கலாம். அவர் அறிந்ததை அவர் எழுதமாட்டார். கேட்பவன் எழுதுதல் வேண்டும். நம் சங்கம் ஆண்டுதோறும் ஓர் ஊரின் பழந் தளபாடங்களையும் வாகனங்களையும் படத்தோடு பதிவு செய்யும் பணியை மேற்கொள்ளுமாயின், பத்தாண்டில் ஒரு பெருஞ்சுவடி உருவாகும். சோழமண்டலக் கரையிற் கதிரை செதுக்கிய நம்மவர் பெயர்களை எழுதி வைப்பார் இல்லாது போயினர். இப்பொழுது நம் கண்முன் இருப்பவர்களின் பெயர்களையேனும் நாம் எழுதி வைப்போமாக.